புகையை வேலை வாங்கியவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு நாழிகை நின்றால் போதும். புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு, நீண்ட டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். ஏரிக்கரையும் நெல் வயலுமாக இருந்த பூமி இது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ம் ஆண்டில் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிஸ்ஸான் ஆலை 2010-ம் ஆண்டிலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012-ம் ஆண்டிலும் வந்தன.

இங்கிருந்து புறப்படும் கார்கள் சிலவற்றில் டர்போ என்ற எழுத்துக்கள் பளபளக்கும். அந்தக் காரின் முன்மூடியைத் திறந்தால், எஞ்சின் மிகச் சிறியதாக இருக்கும். ஒரு லிட்டர் அளவுதான். ஆனால் அதன் பலமோ 100 குதிரைச் சக்தி! நம் வீட்டுப் பெரியவர்கள் ஓட்டிய பழைய அம்பாசடர் காரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர். அது கொடுத்தது ஏறத்தாழ 50 குதிரைச் சக்தி. உருவம் சிறுத்தது; பலம் இரட்டித்தது. இது எப்படி?

எல்லா மோட்டார்களும் பின்னால் கக்கிக்கொண்டு போகும் புகையில்தான் இதன் ரகசியம் இருக்கிறது. அந்தப் புகையை வீணாக விடக்கூடாது, அதைப் பிடித்து வேலை வாங்க வேண்டும் என்று ஒருவர் 26-வது வயதில் நினைத்தார். நினைத்ததைச் செய்து முடிக்க அவருக்கு 20 ஆண்டுகள் ஆயின. அவர் பெயர் ஆல்பிரட் பியூக்கி. சுவிட்சர்லாந்து தேசத்தவர். உலகத்து இஞ்சினீயர்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். ஆனால் டர்போ காரை ஓட்டுகிறவர்களில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

இயந்திரங்களின் ஊர்

சுவிட்சர்லாந்து என்றதும் பனிமலையும் கைக்கடிகாரமும் நம் நினைவுக்கு வரும். வின்டர்தூர் நகரம் அப்படிப்பட்டதல்ல. அது நம்முடைய கோயமுத்தூர் மாதிரி. எங்கு பார்த்தாலும் வார்ப்படச் சாலை, தறி, நீராவி எஞ்சின். அங்கே 1834-ம் ஆண்டில் தொடங்கிய சுல்சர் சகோதரர்கள் கம்பெனி உலகப் பிரசித்தி பெற்றது.

அந்த நகரில் 1879-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி ஆல்பிரட் பியூக்கி பிறந்தார். தகப்பனார் ஜோகான் பியூக்கி சுல்சர் கம்பெனியில் உயர்ந்த பதவி வகித்தவர். ஆகவே குழந்தைக்கு எஞ்சின் சத்தம் தாலாட்டு போலவே பழகியிருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கையான பொருத்தத்தைச் சொல்ல வேண்டும். அதே 1879-ம் ஆண்டில், ஜெர்மனியில் படித்த ஓர் இளைஞர் விஷ ஜுரத்தால் பரீட்சை எழுத முடியாமல் போயிற்று. அடுத்த பரீட்சை வருகிற வரையில் சும்மா இருக்க வேண்டாம் என்று, தொழில் பழகுவதற்காக அவர் வின்டர்தூருக்கு வந்து சுல்சர் பட்டறையில் சேர்ந்தார். அவர்தான் ருடால்ப் டீசல். பின்னாளில் டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர். ஒருவர் அந்த ஊரில் சுத்தி பிடித்துப் பழகிய ஆண்டில், அவருடைய எஞ்சினுக்குப் புது உயிர் கொடுக்கப் போகிறவர் அதே ஊரில் பிறந்தார்!

டீசலின் முதல் வெற்றி எஞ்சின் 1897-ம் ஆண்டில் ஓடியது. அடுத்த ஆண்டே சுல்சர் கம்பெனி ஒரு டீசல் எஞ்சினைச் செய்தது. அப்போது பியூக்கிக்கு வயது 19. மறு ஆண்டு அவர் சூரிச் நகரத்துப் பாலிடெக்னிக்கில் இயந்திரக் கல்வி பயிலச் சேர்ந்தார். ஐன்ஸ்டீன் அந்தச் சமயம் அதே கல்விச்சாலையில் வேறு பிரிவில் படித்துக்கொண்டிருந்தார். நீராவி டர்பைனைப் பற்றி உலகமே மதித்த பேராசிரியர் ஸ்டோடோலா அங்கேதான் பாடம் சொன்னார். 1903-ம் ஆண்டில் பியூக்கி பட்டம் பெற்றார். பிறகு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

மூன்றில் ஒரு பங்கு

ஓர் எஞ்சினில் மூன்று ரூபாய்க்கு எண்ணெய் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பயன்படுவது ஏறத்தாழ ஒரு ரூபாய் எண்ணெய்தான். இன்னொரு ரூபாய் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சூடாக்குவதில் போய்விடும். மீதி ஒரு ரூபாய் புகையோடு புகையாக ஆகாயத்துக்குப் போய்விடும். வெளியேறும் புகையின் உஷ்ணம் நானூறு, ஐந்நூறு டிகிரி கூட இருக்கும். அதில் வேகமும் இருக்கிறது.

மூன்றாவது ரூபாயைத் திரும்பப் பிடிக்க முடியாதா என்பதுதான் பியூக்கியின் யோசனை. 1905-ம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ந் தேதி அவர் ஜெர்மனியில் ஒரு பேட்டண்டு உரிமைக்கு மனுச் செய்தார். அவருடைய திட்டம் இதுதான்: புகை போகும் வழியில் காற்றாடி போன்ற ஒரு சக்கரத்தை வைப்பது. அதற்குப் பெயர் டர்பைன். புகையின் வேகத்தில் அது சுழலும். அதே அச்சில் இன்னொரு விசிறிச் சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் புகுந்தால் அதிக எண்ணெயை எரிக்கலாம். அதிக எண்ணெய் எரிந்தால் அதிக பலம்.

அடுப்புக்கு விறகு எவ்வளவு வைத்தாலும் காற்று இல்லாவிட்டால் புகையும்; எரியாது. எஞ்சினும் அப்படித்தான். எண்ணெய் ஊற்றுவது சுலபம். காற்றை ஊட்டுவதுதான் கஷ்டம். தானாக மூச்சு இழுக்கும் எஞ்சினுக்கு, அதன் புகையைக் கொண்டே துருத்தி ஊதச் செய்வது பியூக்கியின் எண்ணம்.

காகிதத்தில் எல்லாம் அழகாக இருந்தது. செய்து பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை.

பத்து வருஷத் தோல்வி

பியூக்கி சொந்த ஊருக்குத் திரும்பித் தகப்பனாரின் கம்பெனியான சுல்சரில் சேர்ந்தார். டீசல் எஞ்சின் ஆராய்ச்சி அவர் பொறுப்பில் வந்தது. 1911-ம் ஆண்டில் அவருடைய யோசனையைச் சோதித்துப் பார்க்க ஒரு பரிசோதனை நிலையமும் ஏற்பட்டது. 1915-ம் ஆண்டில் முதல் மாதிரி எஞ்சின் தயாராயிற்று. ஆனால் போதிய அழுத்தத்தில் காற்றைத் திணிக்க அதனால் முடியவில்லை.

காரணங்கள் பல. சிவக்கக் காய்ந்த புகையில் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் இலைகளுக்கு ஏற்ற உலோகம் அந்தக் காலத்தில் அரிது. காற்றை அழுத்தும் விசிறிகளும் பாதி உழைப்பை வீணடித்தன. இந்த இரண்டு குறைகளையும் எல்லோரும் அறிவார்கள். மூன்றாவது குறை ஒன்று இருந்தது. அது எவர் கண்ணிலும் படவில்லை. பியூக்கிக்கே அது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

பேட்டண்டு உரிமை என்பது சாசுவதமான சொத்து அல்ல. குறிப்பிட்ட ஆண்டுகள் ஆனால் காலாவதியாகிவிடும். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பியூக்கியின் வயது முப்பதைத் தாண்டி, நாற்பதையும் தாண்டியது.

இதற்குள் முதல் உலக யுத்தம் வந்தது. மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். பிரான்சில் ராட்டோ என்ற விஞ்ஞானி ஆகாய விமானத்துக்காக டர்போ செய்தார். அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர் 1918-ம் ஆண்டில் ஒரு விமான எஞ்சினைப் பைக்ஸ் பீக் என்ற மலை உச்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த உச்சியின் உயரம் 14,000 அடிக்கும் மேல். காற்று அங்கே மெலிந்திருக்கும். கீழே 350 குதிரைச் சக்தி கொடுத்த எஞ்சின் உச்சியில் 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவைப் பூட்டியதும் 356 கொடுத்தது! விமானம் உயரே போக டர்போ உதவும் என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் தரையிலும் கடலிலும், நாள் முழுதும் மாதம் முழுதும் ஓயாமல் உழைக்கும் எஞ்சினுக்கு அது சரிப்படுமா? அந்தக் கேள்விக்கு அப்போதும் விடை இல்லை.

குழாயில் இருந்த சூட்சுமம்

அந்த மூன்றாவது குறை புகைக் குழாயில் இருந்தது.

எஞ்சினில் பல சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது புகையைக் கக்கும். தொடர்ச்சியாக அல்ல, வேட்டுப் போட்டது போல, விட்டு விட்டு. கதவு திறந்தவுடன் ஒரே பாய்ச்சல். பிறகு அடங்கிவிடும். அடுத்த சிலிண்டரில் மறு வேட்டு. டர்பைனுக்கு இப்படித் தாறுமாறாக அடிப்பது ஆகாது, சீரான காற்றோட்டம்தான் வேண்டும் என்று இஞ்சினீயர்கள் எண்ணினார்கள். ஆகவே எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒரே அகலக் குழாயில் கொட்டி, வேகத்தைத் தணித்து, சமப்படுத்தி அனுப்புவது இயற்கையான வழியாகத் தோன்றியது.

அதிலேதான் நஷ்டம். வேகமாக வந்த புகை, அகலக் குழாயில் விழுந்ததும் அடங்கிவிடுகிறது. வாய்க்காலில் துள்ளி வந்த தண்ணீர் ஏரியில் விழுந்ததும் அசையாமல் நிற்கவில்லையா? அப்படி!

கிராமத்து அடுக்களையில் ஊதாங்குழலை எல்லோரும் பார்த்திருப்போம். வாயை அகலத் திறந்து அடுப்பை நோக்கி ஊதினால் சாம்பல்தான் பறக்கும். அதே மூச்சைக் குழல் வழியாக விட்டால், நெருப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தாக்கும், குப்பென்று பற்றிக்கொள்ளும். மூச்சு ஒன்றுதான். குழாயின் அளவு வேறு.

பியூக்கி இதைத்தான் கண்டுகொண்டார். குழாயைக் குறுக்கினார். புகையின் வேட்டு, வேகம் குறையாமல் டர்பைன் சக்கரத்தைத் தாக்கும்படி செய்தார்.

ஆனால் குறுக்கினால் மட்டும் போதாது. ஆறு சிலிண்டர்களும் ஒரே குறுகிய குழாயைப் பங்கு போட்டால், ஒன்றின் வேட்டு மற்றொன்றின் வாயில் நுழைந்து அடைக்கும். ஒரே குழாயடியில் ஆறு பேர் குடத்தை வைத்தால் வரும் சண்டைதான்! ஆகவே ஒன்றுக்கொன்று நேரம் மோதாத சிலிண்டர்களைப் பிரித்துக் கூட்டுச் சேர்த்தார். ஆறு சிலிண்டர் எஞ்சினில் முதல் மூன்றுக்கு ஒரு குழாய், கடைசி மூன்றுக்கு ஒரு குழாய். இரண்டும் டர்பைன் வரையில் ஒன்று சேராமலே போகும்.

இதனால் எதிர்பாராத இன்னொரு லாபமும் கிடைத்தது. ஒரு வேட்டுக்கும் மறு வேட்டுக்கும் இடையில், குறுகிய குழாயில் அழுத்தம் சட்டென்று தாழ்ந்துவிடுகிறது. அந்தக் கண நேரத்தில் காற்று வரும் கதவையும் புகை போகும் கதவையும் சேர்ந்தாற்போல் திறந்து வைத்தால், புதுக்காற்று ஒரு புறம் நுழைந்து, தங்கிக் கிடந்த பழைய புகையை மறு புறம் தள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டில் முன்வாசலையும் கொல்லைப்புறத்தையும் திறந்து வைப்பது போல. சிலிண்டர் சுத்தமாகிறது. உள்ளே கொதித்த பாகங்களும் குளிர்கின்றன. பலமும் கூடி, ஆயுளும் கூடியது.

1925-ம் ஆண்டில் பியூக்கி இந்த முறைக்குப் புதிய பேட்டண்டு மனுச் செய்தார். முதல் மனு செய்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. பலரும் அதைக் கேட்டுச் சாதாரண விஷயமாக நினைத்திருக்கலாம். குழாயின் அகலத்தை மாற்றினார், வேறென்ன? ஆனால் 20 ஆண்டு உழைப்பு பலித்ததும் பலிக்காமல் போக இருந்ததும் அந்தக் குழாயில்தான்.

துணிந்த உத்தியோகஸ்தர்

பாடன் நகரத்தில் பிரவுன் பவேரி என்ற பெரிய மின்சார, டர்பைன் கம்பெனி இருந்தது. அங்கே 1924-ம் ஆண்டில் கனரக எஞ்சினுக்கான முதல் டர்போ செய்யப்பட்டு வெளிவந்தது. வின்டர்தூரில் இருந்த ரயில் எஞ்சின் தொழிற்சாலை அதைப் பரிசோதனைக்கு வாங்கியது. சுல்சரிலேயே இருந்தால் பியூக்கிக்குச் சம்பளத்துக்கும் மரியாதைக்கும் குறைவில்லை. தகப்பனார் பெயர் விளங்கிய இடம் அது. ஆயினும் 1926-ம் ஆண்டில் அவர் அந்த உத்தியோகத்தை விட்டார். அப்போது அவருக்கு வயது 47. நம் ஊரில் அந்த வயதில் பென்ஷனுக்குக் கணக்குப் போடத் தொடங்குவார்கள்!

பிரவுன் பவேரியும் ரயில் எஞ்சின் தொழிற்சாலையும் பியூக்கியும் சேர்ந்து ஒரு கூட்டு ஏற்படுத்திக்கொண்டார்கள். பியூக்கி சிண்டிகேட் என்று அது பெயர் பெற்றது. பிரவுன் பவேரி டர்போவைச் செய்யும். ரயில் எஞ்சின் தொழிற்சாலை சோதனைக்கு டீசல் எஞ்சின் கொடுக்கும். குழாய்களின் அமைப்பு, கதவுகளின் நேரம், வாடிக்கைக்காரர்களோடு பேச்சு இவையெல்லாம் பியூக்கியின் பொறுப்பு.

வெற்றி கடலில் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு கிழக்குப் பிரஷ்யா என்ற பகுதி ஜெர்மனியிலிருந்து தனியாகத் துண்டிக்கப்பட்டிருந்தது. அங்கே போய்வர பால்டிக் கடலில் பிரயாணிக் கப்பல்கள் விட்டார்கள். 1926-ம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட புரூசன், ஹான்சஸ்டாட் டான்சிக் ஆகிய இரண்டு கப்பல்களுக்கும் டர்போ பொருத்தப்பட்டது. அவற்றின் எஞ்சின்களுக்குப் பத்துச் சிலிண்டர்கள். டர்போ இல்லாமல் ஓர் எஞ்சினின் பலம் 1,750 குதிரைச் சக்தி. டர்போ வந்தபின் 2,500! அதே எஞ்சின், அதே இடம். நூற்றுக்கு 40-க்கும் மேல் லாபம். கப்பல் முதலாளிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

(அந்த இரண்டு கப்பல்களின் முடிவு பரிதாபமானது. இரண்டாவது உலக யுத்தத்தில், 1941-ம் ஆண்டு ஜூலை மாதம், சுவீடன் கரையோரம் கண்ணிவெடிகளில் சிக்கி இரண்டும் ஒரே நாளில் மூழ்கின.)

அதன் பிறகு கப்பல், மின்சார நிலையம், ரயில் என்று டர்போ பரவியது. 1938-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சாரர் கம்பெனி லாரிக்கு டர்போ எஞ்சின் செய்தது. அதே ஆண்டில் பியூக்கி படித்த சூரிச் கல்விச்சாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

சூடும் குளிர்ச்சியும்

டர்போ கொடுத்த வரத்தோடு ஒரு தொல்லையும் வந்தது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு அது தெரியும். நாலு தடவை வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடேறும். இது இயற்கை.

வெளியே 30 டிகிரியில் இருக்கும் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், அதன் உஷ்ணம் சுமார் 125 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று விரியும். அழுத்தம் இரண்டு மடங்கு ஆனாலும், உள்ளே புகும் காற்றின் எடை ஒன்றரை மடங்குதான் ஆகும். மீதியைச் சூடு விழுங்கிவிடும். அந்தக் காற்றை 55 டிகிரி வரையில் ஆற்றிவிட்டால் எடை 1.85 மடங்கு ஆகிறது. டீயை ஆற்றுவது போல் காற்றை ஆற்றும் அந்தக் கருவிக்குத்தான் இன்டர்கூலர் என்று பெயர். காரின் முகப்பில், கம்பி வலைக்குப் பின்னால், ரேடியேட்டர் மாதிரி தட்டையாக இருக்கும்.

காருக்கு முதலில் டர்போ வைத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. 1962-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் என்ற டர்போ கார் விற்பனைக்கு வந்தது. அதில் இன்டர்கூலர் கிடையாது. அதற்குப் பதிலாகத் தண்ணீரும் மெதனால் சாராயமும் கலந்த ஒரு திரவத்தை ஒரு புட்டியில் வைத்து, காற்றோடு தெளித்துச் சூட்டைத் தணித்தார்கள். வண்டி வாங்கியவர்கள் பெட்ரோல் போட மறக்கவில்லை; புட்டியை நிரப்ப மறந்தார்கள். புட்டி காலியானால் டர்போவின் அழுத்தம் தானே அடங்கிவிடும். வண்டியின் வேகமும் போய்விடும். கோபித்துக்கொண்டு பலர் டர்போவையே கழற்றச் சொன்னார்கள். இரண்டே ஆண்டில் அந்தக் கார் நின்றுபோயிற்று.

நம் நாட்டில் டர்போவும் காற்று ஆற்றும் கருவியும் சேர்ந்து முதலில் பெரும்படியாக வந்தது ரயிலில்தான். 1962-ம் ஆண்டில் அமெரிக்க ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து, 1964 முதல் காசியிலேயே செய்யப்பட்ட டீசல் ரயில் எஞ்சின் 2,600 குதிரைச் சக்தி கொண்டது. அதன் அடித்தொண்டை உறுமலோடு கலந்து மேலே கேட்கும் மெல்லிய விசில் ஓசை டர்போவினுடையது. அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டிலும் ஏராளம்.

இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா?

இன்றும் கார் பிரியர்களும் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குகளும் ஓயாமல் வாதம் செய்யும் ஒரு விஷயம் உண்டு. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? பெரிதாகப் போட்டால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

100 குதிரைச் சக்தி எஞ்சின் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ நாலரை கிலோ காற்றை விழுங்கும். வெளிக்காற்றாக அளந்தால் அது சுமார் 3,900 லிட்டர். இரண்டு மடங்கு அழுத்தி ஆற்றினால் 2,100 லிட்டருக்குச் சுருங்கும். இதை இரண்டு அங்குலக் குழாயில் விட்டால், காற்று விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் போகும். இது தாராளமான வழி. ஒன்றரை அங்குலக் குழாயில் 31 மீட்டர், அதுவும் பாதகமில்லை. ஒரு அங்குலத்துக்குக் குறைத்தால் 70 மீட்டர் ஆகிவிடும். அப்போது உராய்வு வரி வசூலிக்கத் தொடங்கும். டர்போ பாடுபட்டு ஏற்றிய அழுத்தத்தைக் குழாயே தின்றுவிடும். குழாயின் அகலத்தைப் பாதியாக்கினால் உராய்வின் நஷ்டம் இரண்டு மடங்கோ நாலு மடங்கோ அல்ல. ஏறத்தாழ 32 மடங்கு!

அப்படியானால் மூன்று அங்குலமே போட்டுவிடலாமே? அதிலும் சங்கடம் உண்டு. இரண்டு மீட்டர் நீளத்துக்கு இரண்டு அங்குலக் குழாய் நாலு லிட்டர் காற்றைக் கொள்ளும். மூன்று அங்குலக் குழாய் ஒன்பது லிட்டர் கொள்ளும். காலால் மிதித்தவுடன் எஞ்சினுக்குக் காற்று போவதற்கு முன், அந்தக் குழாய் நிரம்பி அழுத்தம் ஏற வேண்டும். ஒரு லிட்டர் எஞ்சினுக்கு ஒன்பது லிட்டர்க் குழாய்! மிதித்ததற்கும் பாய்வதற்கும் இடையே ஏற்கெனவே இருக்கும் தாமதம் இன்னும் கொஞ்சம் நீளும். லாபமோ, கண்ணுக்குத் தெரியாத அளவு.

அகலத்தைவிட வளைவுகள் செய்யும் கெடுதல் அதிகம். இரண்டு அங்குலக் குழாயில் சட்டென்று திரும்பும் ஒரு முழங்கை வளைவு, ஐந்தடி நேர்க்குழாய்க்குச் சமமான தடை. விவரம் தெரிந்தவர்கள் டர்போவின் வாய் எந்த அளவோ அந்த அளவில் தொடங்கி, எஞ்சினின் வாய் எந்த அளவோ அதில் முடித்து, இடையில் திடீர்ப் படிகளும் முரட்டு வளைவுகளும் இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். ரப்பர் இணைப்பில் கிளாம்பு தளர்ந்திருந்தால், மூன்று அங்குலம் என்ன, ஆறு அங்குலம் போட்டும் பயனில்லை.

புகைக் குழாயில் பியூக்கி கண்டது வேறு. காற்றுக் குழாயின் நியாயம் வேறு. புகை வேட்டு வேட்டாக வருவதால் அங்கே குறுகலும் பிரிவும் உதவின. டர்போவைத் தாண்டி வரும் காற்று ஏறக்குறைய சீராக ஓடுகிறது. அங்கே அளவான தாராளம்தான் தேவை. ஒரு குழாய்க்குச் சொன்னதை மற்றொன்றுக்குச் சொல்பவர்களால்தான் பாதிக் குழப்பமும். புகைக் குழாயிலும்கூட பியூக்கியின் விதி எல்லாக் காலத்துக்கும் நிற்கவில்லை. டர்போக்கள் திறமை பெற்றபின், 1970-களுக்குப் பிறகு, ராட்சதக் கப்பல் எஞ்சின்களில் மறுபடியும் அகலக் குழாயே வந்தது. ஒரே சுமையில் நாள் கணக்காக ஓடும் எஞ்சினுக்கு அது பொருந்திற்று. நிமிஷத்துக்கு நிமிஷம் வேகம் மாறும் லாரிக்கு அது பொருந்தவில்லை.

வின்டர்தூரில் முடிந்தது

பியூக்கி பணக்காரராக வேண்டும் என்று ஆடம்பரம் செய்தவர் அல்ல. பிறந்த ஊரிலேயே கடைசி வரையில் வாழ்ந்தார். 1959-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந் தேதி வின்டர்தூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80. உலகத்துப் பெரிய கப்பல்களில் அவருடைய கண்டுபிடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சாமானியக் குடும்பம் கடையில் போய் வாங்கக்கூடிய காரில் அது வருவதை மட்டும் அவர் பார்க்கவில்லை. ஜெட்பயர் கார் வந்தது அவர் போய் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

கனமான லாரி ஒன்றின் முன்கூண்டைச் சாய்த்து, ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பக்கவாட்டில் பார்த்தால், அதன் புகை வழி இரண்டாகப் பிரிந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். முதல் மூன்று சிலிண்டர்கள் ஒரு புறம், கடைசி மூன்று சிலிண்டர்கள் மறு புறம். டர்போவின் வாசல் வரையில் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை.